தலைக்காயம் பட்ட தம்பியின் அன்றாடத்தை வீடியோ எடுத்துத் தீர்ப்பாயத்தில் காட்டலாமா?

கேள்வி: பொள்ளாச்சி அக்கா

அனைவருக்கும் வணக்கம். விபத்து இழப்பீட்டு வழக்குகளில் அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

என் தம்பிக்கு 32 வயது. கோயம்புத்தூரில் ஒரு லேத் பட்டறையில் டர்னராக, மாதம் 22,000 ரூபாய் சம்பளத்தில் வேலை பார்த்து வந்தான். 2024 ஆகஸ்டில் இரவு வேலை முடிந்து பைக்கில் திரும்பும்போது பின்னால் வந்த லாரி மோதியதில் முன்மண்டையில் பலத்த அடிபட்டு, அறுவை சிகிச்சைக்குப் பின் 19 நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்து பிழைத்து வந்தான். ஆறு மாதக் கெடுவுக்குள் மனு தாக்கல் செய்துவிட்டோம். மருத்துவக் குழு 45 சதவீத ஊனம் என்று சான்றிதழ் கொடுத்திருக்கிறது.

எங்கள் கவலை இதுதான். பார்ப்பவர் கண்ணுக்கு என் தம்பியிடம் ஒரு குறையும் தெரியாது. தலையில் முடி வளர்ந்து தையல் மறைந்துவிட்டது. நடக்கிறான், பேசுகிறான். சென்ற மாதம் தீர்ப்பாயத்தில் பெயர், ஊர், வேலை பார்த்த பட்டறை எல்லாவற்றையும் தடுமாறாமல் சொன்னான். காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞர் அதைப் பார்த்துவிட்டு, "இவர் நன்றாகத்தானே இருக்கிறார்" என்று சொன்னபோது என்னால் பதில் பேச முடியவில்லை.

ஆனால் வீட்டில் நடப்பது வேறு. முந்தாநாள் காலை நான் சமையலறைக்குள் போனபோது அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, அதன் மேல் பாத்திரம் இல்லை. மூலை கிழித்த பால் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் நின்றிருந்தான். பால் சொட்டுச் சொட்டாக அவன் கால்மேல் வடிந்துகொண்டிருந்தது, அதையும் அவன் உணரவில்லை. எத்தனை நேரம் அப்படி நின்றானோ தெரியாது. குளிக்கச் சொன்னால்தான் குளிப்பான், சாப்பிடச் சொன்னால்தான் சாப்பிடுவான். வலிப்பு வராமலிருக்கக் கொடுத்த மாத்திரையைப் போட்டுவிட்டு, போட்டதை மறந்து மறுபடியும் போட்டுக்கொண்ட நாளும் உண்டு. இந்தக் காரணத்தால் நான் தையல் வேலையை விட்டுவிட்டு அவனோடு இருக்கிறேன்.

இதையெல்லாம் ஒரு நாள் முழுக்க வீடியோ எடுத்துத் தீர்ப்பாயத்தில் கொடுத்தால் ஏற்றுக்கொள்வார்களா என்று உறவினர் ஒருவர் கேட்டார். சட்டப்படி அது செல்லுமா? நடிப்பு என்று சொல்லிவிடுவார்களா? அதைவிட, அவனுடைய தவறுகளைப் படம் பிடிப்பது அவன் மனதை நோகடிக்குமோ என்ற தயக்கமும் எனக்கு இருக்கிறது.

பதில் 1: காவிரிக்கரை வழக்கறிஞர்

மதிப்பிற்குரிய சகோதரிக்கு, திருச்சி, கரூர்ப் பக்கத் தீர்ப்பாயங்களில் பாதிக்கப்பட்டவர்கள் தரப்பில் நீண்ட காலமாக வழக்கு நடத்துபவன் என்ற முறையில் எழுதுகிறேன். இதை உங்கள் வழக்கறிஞரிடம் காட்டிக் கலந்து பேசிய பிறகே எதையும் செய்யுங்கள்.

முதலில் அந்த 45 சதவீதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மருத்துவக் குழு அளந்து சொல்வது உடலுக்கு நேர்ந்த குறைபாட்டை மட்டுமே. சம்பாதிக்கும் திறனில் எவ்வளவு போயிற்று என்பது வேறு கணக்கு, அதைத் தீர்மானிக்க வேண்டியது தீர்ப்பாயம்தான் என்று ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில், 2011ஆம் ஆண்டுத் தொகுப்பில் வெளியான தீர்ப்பில், உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. இடது கையை இழந்த ஒருவருக்கு ஊனம் 60 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், அவர் ஓட்டுநராகவோ தச்சராகவோ இருக்கும்போது வருமான இழப்பு ஏறத்தாழ 100 சதவீதமாகிவிடும் என்றும், அவரே அரசு அலுவலக எழுத்தராக இருந்தால் வேலையே போகாமலிருக்கலாம் என்றும் அந்தத் தீர்ப்பிலேயே எடுத்துக்காட்டு இருக்கிறது. மருத்துவச் சாட்சியம் பதிவாகும்போது தீர்ப்பாயம் வாய்மூடிப் பார்த்துக்கொண்டிராமல் உண்மையைத் தேடி அறிய வேண்டும் என்றும் அதில் கூறப்பட்டுள்ளது.

உங்கள் தம்பிக்கு இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதைக் கணக்காகவே பாருங்கள். 22,000 ரூபாயோடு எதிர்கால வருமான உயர்வுக்கு 40 சதவீதம் சேர்த்தால் மாதம் 30,800. ஆண்டுக்கு 3,69,600. வயது 31க்கும் 35க்கும் இடையில் இருப்பதால் மல்டிபிளையர், அதாவது வயதைப் பொறுத்து ஆண்டு வருமானத்தைப் பெருக்கும் எண், 16. ஆக, முழு வருமான இழப்பு 59,13,600 ரூபாய். தீர்ப்பாயம் 45 சதவீதத்தை அப்படியே எடுத்துக்கொண்டால் கிடைப்பது 26,61,120 மட்டுமே. இடைவெளி 32 லட்சத்துக்கும் மேல். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கைப் பார்த்து இரும்பைக் கடையும் வேலைக்கு, அடுப்பில் பாத்திரம் வைக்க மறக்கும் ஒருவரை எந்தப் பட்டறையும் எடுக்காது என்பதைத் தீர்ப்பாயத்துக்கு உணர்த்துவதுதான் உங்கள் வழக்கின் உயிர். அதற்கு வீடியோ உதவும்.

வீடியோவைச் சட்டம் தடுக்கவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 169ஆவது பிரிவின்படி தீர்ப்பாயம் சுருக்கமான விசாரணை முறையைப் பின்பற்றலாம். ஆனாலும் மின்னணுச் சான்றுக்கு உரிய முறையை விட்டுவிடக் கூடாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63(4) பிரிவின்படி ஒரு சான்றிதழ் வேண்டும். அதன் முதல் பகுதியில் பதிவு செய்த கருவியைக் கையாண்டவரும், இரண்டாம் பகுதியில் வல்லுநர் ஒருவரும் கையெழுத்திட வேண்டும். கோப்பின் ஹேஷ் மதிப்பையும், அதாவது கோப்பு மாறினால் தானும் மாறிவிடும் அடையாளக் குறியீட்டையும், அதில் குறிப்பிட வேண்டும். (அந்தத் தேதிக்கு முன்பே நிலுவையில் இருந்த வழக்குகளுக்குப் பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவே பொருந்தும். இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.) மூலக் கருவியையே நீதிமன்றத்தில் ஒப்படைத்து, அதன் உரிமையாளர் கூண்டேறிச் சாட்சி சொன்னால் சான்றிதழ் தேவையில்லை என்று 2020இல் அர்ஜுன் பண்டித்ராவ் கோட்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இருந்தாலும் சான்றிதழோடு போவதே பாதுகாப்பு என்பது என் கருத்து.

படம் எடுத்தவர் சாட்சியாக வர வேண்டும், குறுக்கு விசாரணைக்கு நிற்க வேண்டும். இதை முன்பே சொல்லி ஒருவரை ஒப்புக்கொள்ள வையுங்கள்.

நம் தீர்ப்பாயங்களில் இது இன்னும் பரவலான வழக்கமாகவில்லை. அமெரிக்காவில் பல பத்தாண்டுகளாக "வாழ்வில் ஒரு நாள்" என்ற பெயரிலேயே இத்தகைய படங்கள் வழக்குகளில் காட்டப்படுகின்றன. 1977இல் அலாஸ்காவின் கூட்டாட்சி நீதிமன்றம் ஒரு வழக்கில், காயம்பட்டவர் அன்றாட வேலைகளைச் செய்யும் காட்சிகளை ஏற்றுக்கொண்டது. ஆனால் அவர் தம் மகளோடு இருக்கும் காட்சிகளையும், கைகால் செயலிழந்த தம் சகோதரரோடு இருக்கும் காட்சிகளையும், அவை பரிதாபத்தைத் தூண்டுவதைத் தவிர வேறெதற்கும் பயன்படவில்லை என்று விலக்கிவிட்டது. அங்கே ஜூரிகள், இங்கே நீதிபதி. ஆனாலும் எதைக் காட்டுவது, எதை விடுவது என்பதற்கு அந்தப் பாகுபாடு நமக்கும் பொருந்துவதாகவே நினைக்கிறேன்.

இன்னொன்று. நீங்கள் தையல் வேலையை விட்டுவிட்டு உடனிருப்பதும் உழைப்புதான். உதவியாளர் செலவு என்ற தலைப்பில் அதையும் கோருங்கள். 12 வயதில் விபத்துக்குள்ளான ஒரு சிறுமியின் வழக்கில் 2020இல் உச்ச நீதிமன்றம், உதவியாளர் செலவையும் மல்டிபிளையர் முறையிலேயே கணக்கிட்டு வழங்கியது. அக்கா உடனிருக்கிறார் என்று வாக்குமூலத்தில் ஒரு வரி எழுதுவதைவிட, நீங்கள் ஒரு நாளில் என்னவெல்லாம் செய்கிறீர்கள் என்பது கண்ணுக்குத் தெரிவது மேல்.

பதில் 2: வேலூர் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்

வழக்கறிஞர் ஐயா சொன்ன கடைசிச் செய்தியை நான் முதல் செய்தியாக வைப்பேன். அம்மா, உங்கள் தம்பியின் தவறுகளைப் படமெடுப்பதாக நினைக்காதீர்கள். அவர் ஒரு வேலையை முடிக்க எத்தனை முறை இன்னொருவர் குறுக்கிட வேண்டியிருக்கிறது என்பதைப் படமெடுங்கள். உங்கள் தயக்கத்துக்கும் அதுவே மருந்தாகும் என்று நம்புகிறேன்.

மூளையின் முன்மடலில் காயம்பட்டவர்களுக்குக் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல முடியும், பழைய நினைவும் பெரும்பாலும் இருக்கும். ஒரு செயலைத் தானாகத் தொடங்குவதும், படிகளை வரிசைப்படுத்துவதும், நடுவில் ஒன்று மாறினால் அதற்கேற்ப மாற்றிக்கொள்வதும்தான் கெட்டுப்போயிருக்கும். நீதிமன்றத்தில் கேள்வியை இன்னொருவர் கேட்கிறார், ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. அதனால்தான் அங்கே அவர் நன்றாக இருப்பதுபோல் தெரிகிறது. மருத்துவமனை அறையில் செய்யும் சோதனைகளிலும் இதே சிக்கல் உண்டு. அமைதியான அறை, ஒரு மேசை, எதிரில் வழிநடத்தும் ஒருவர் என்று எல்லாம் அமைந்துவிடுவதால், வீட்டில் திணறுகிறவர்கள் அங்கே நல்ல மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள்.

ஆகவே தேநீர் போடுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். "ரெண்டு பேருக்கு டீ போடு" என்று ஒரே ஒருமுறை சொல்லிவிட்டு ஒதுங்கி நில்லுங்கள். அவர் நின்றுவிட்டால் உடனே சொல்லித்தராமல் சற்றுப் பொறுங்கள். ஆபத்து இருந்தால் மட்டும் உடனே தலையிடுங்கள். முதலில் வாயால் சொல்வது, அது போதாவிட்டால் கையால் காட்டுவது, அதுவும் போதாவிட்டால் நீங்களே பிடித்துச் செய்வது என்று ஒரே வரிசையில் உதவுங்கள். பிறகு படத்தைப் பார்த்து வாயால் சொன்னது எத்தனை, கையால் காட்டியது எத்தனை, பிடித்துச் செய்தது எத்தனை என்று தாளில் எண்ணி எழுதுங்கள். எங்கள் துறையில் இப்படித்தான் ஒருவரின் சார்புநிலையை மதிப்பிடுகிறோம். அந்தத் தாளையும் படத்தையும் வைத்து உங்கள் ஊர் தெரபிஸ்ட் ஒருவர் அறிக்கை கொடுத்துச் சாட்சியும் சொன்னால், படம் வெறும் படமாக நின்றுவிடாது.

மாத்திரைப் பெட்டியை அவர் நிரப்புவதையும், 200 ரூபாயோடு நான்கு பொருள் வாங்கத் தெருமுனைக் கடைக்குப் போய்வருவதையும் எடுக்கலாம். கடைக்காரரும் மற்றவர்களும் படத்தில் விழுவார்கள், அவர்களிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பிற்பகலில் ஒருமுறை எடுப்பது அவசியம், ஏனெனில் மூளைக் காயத்தில் வரும் அயர்ச்சி காலையில் முடிந்த வேலையை மாலையில் முடியாததாக்கிவிடும்.

அவர் நன்றாகச் செய்வதையும் எடுங்கள். தானே சவரம் செய்துகொள்கிறார் என்றால் அதுவும் படத்தில் இருக்கட்டும். அப்போதுதான் மற்றவற்றை நம்புவார்கள்.

அவர் மனம் நோகுமோ என்றும் எழுதியிருந்தீர்கள். தெளிவாக இருக்கும் காலை நேரத்தில், எதற்காக, யார் பார்ப்பார்கள் என்று எளிய சொற்களில் சொல்லுங்கள். மறுநாள் மீண்டும் கேளுங்கள். இரண்டு நாளும் சம்மதித்தால் தொடங்கலாம். நடுவில் வேண்டாம் என்றால் அந்த நொடியே நிறுத்திவிடுங்கள். குளியலும் கழிப்பறையும் வேண்டவே வேண்டாம், கதவுக்கு வெளியே நின்று நீங்கள் நினைவூட்டும் குரலே போதும்.

பதில் 3: சேலம் வீடியோகிராபர்

நான் திருமண வீடியோ எடுப்பவன். என் மைத்துனரின் விபத்து வழக்குக்காக இப்படி ஒரு பதிவு செய்து, கூண்டேறிச் சாட்சியும் சொன்ன அனுபவத்தில் சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

கைப்பேசியில் எடுத்தால் மூலக் கருவியாக அந்தக் கைப்பேசியையே ஒப்படைக்கச் சொல்லும் நிலை வரலாம். அதனால் கேமராவில், புதிய மெமரி கார்டு ஒன்றைப் போட்டு, அதில் வேறு எதையும் பதியாமல் எடுங்கள். தொடங்கும் முன் கேமராவின் தேதி, நேரத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். என் கேமராவில் ஆண்டு தவறாக இருந்ததைக் கடைசி நேரத்தில்தான் கண்டேன். சுவர்க் கடிகாரம் காட்சிக்குள் தெரியும்படி முக்காலியை வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். முகத்தை நெருக்கமாகக் காட்டுவது, மெதுவாக ஓட்டுவது, பின்னணி இசை சேர்ப்பது என்று எங்கள் தொழிலில் தினமும் செய்கிற எதையும் இங்கே செய்யக் கூடாது. படத்துக்கு மேல் யாரும் விளக்கக் குரல் கொடுக்கவும் கூடாது. எடுத்து முடித்த அன்றே கார்டின் பூட்டுப் பொத்தானை நகர்த்தி, உறையிலிட்டு, தேதி எழுதி ஒட்டி வையுங்கள். பார்ப்பதற்கு நகல் போதும்.

வழக்கறிஞருக்கு வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பாதீர்கள். அது கோப்பைச் சுருக்கிவிடும், ஹேஷ் மதிப்பும் மாறிவிடும். பென் டிரைவில் போட்டு நேரில் கொடுங்கள். மூன்று மணி நேரப் பதிவை நீதிபதி உட்கார்ந்து பார்க்க மாட்டார். அதிலிருந்து 15 நிமிடத் தொகுப்பு ஒன்று தேவைப்படும். ஆனால் முழுப் பதிவையும் சேர்த்தே தாக்கல் செய்யுங்கள். எங்கே வெட்டினோம் என்பது நேரக் குறிப்போடு எழுத்தில் இருந்தால் யாரும் விரல் நீட்ட முடியாது.

பதில் 4: ஒரு தகப்பன்

என் மகளுக்குக் கல்லூரி இரண்டாம் ஆண்டில் விபத்து நடந்து, முதுகுத்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழ் உணர்வில்லை. நாங்களும் ஒரு நாளைப் படம் எடுத்துக் கொடுத்தோம். படுக்கைப் புண் வராமலிருக்க இரவில் அவள் அம்மா எழுந்து எழுந்து புரட்டிப் படுக்க வைப்பதும், கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்ற இரண்டு பேர் வேண்டியிருப்பதும் அதில் இருந்தன.

குறுக்கு விசாரணையில் என்னிடம் அரை மணி நேரம் கேட்டார்கள். யார் எடுத்தது, எத்தனை முறை எடுத்தீர்கள், 8.10க்கும் 8.40க்கும் நடுவில் ஏன் பதிவு இல்லை என்றெல்லாம் கேட்டார்கள். அந்த அரை மணி நேரம் என் மகளைக் குளிப்பாட்டி, சிறுநீர் எடுக்கக் குழாய் வைத்த நேரம். அதைச் சொல்லும்போது எனக்குக் குரல் உடைந்துவிட்டது. நிறுத்தும்போதே இன்ன காரணத்துக்காக நிறுத்துகிறோம் என்று கேமராவின் முன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தக் கேள்விக்கே இடமிருந்திருக்காது. நீங்கள் மறக்காமல் சொல்லிவிடுங்கள், அம்மா.

அடுத்து, என் அண்ணன் மகன் திருமணத்தில் அவள் பட்டுப்புடவை கட்டிச் சிரித்துக்கொண்டிருந்த படத்தை உறவினர் ஒருவர் முகநூலில் போட்டிருந்தார். எதிர்த்தரப்பில் அதை அச்செடுத்து வந்து, மகிழ்ச்சியாகத்தானே இருக்கிறார் என்றார்கள். நல்லவேளையாக எங்கள் படத்திலேயே அவள் தோழியோடு சிரித்துப் பேசும் காட்சியும் இருந்தது. கால் போனவள் சிரிக்கக் கூடாது என்று சட்டம் இல்லையே என்று எங்கள் வழக்கறிஞர் பதில் சொல்ல அது உதவியது. சிரிக்கும் நேரத்தை மறைக்காதீர்கள்.

கடைசியாக, படத்தின் நகலைச் சொந்தக்காரர் யாருக்கும் கொடுக்காதீர்கள். எங்கள் வீட்டில் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று வாங்கிப் போனவரிடமிருந்து அது குடும்பக் குழுவுக்குப் போய்விட்டது. என் மகள் இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. தாக்கல் செய்யும்போதே, நகலை வழக்கில் தொடர்பில்லாதவர்களுக்கு வழங்கக் கூடாது என்று மனுவில் கேட்கச் சொல்லி உங்கள் வழக்கறிஞரிடம் பேசுங்கள்.

பொள்ளாச்சி அக்கா

பதில் எழுதிய எல்லோருக்கும் என் மனமார்ந்த நன்றி. ஐயா, உங்கள் மகளைப் பற்றிப் படித்தபோது என் கண் நிறைந்துவிட்டது. அவருக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

எங்கள் வழக்கறிஞரிடம் இந்த உரையாடலை அச்செடுத்துக் கொடுத்தேன். மருத்துவக் குழுச் சான்றிதழோடு, சிகிச்சை அளித்த மருத்துவரையும் தெரபிஸ்ட் ஒருவரையும் சாட்சியாக அழைக்க மனு போடலாம் என்றும், வீடியோவை அவர்களின் சாட்சியத்தோடு சேர்த்துத் தாக்கல் செய்யலாம் என்றும் சொன்னார். பட்டறை முதலாளியும், தம்பி செய்து வந்த வேலையைப் பற்றிச் சாட்சி சொல்ல ஒப்புக்கொண்டிருக்கிறார். படம் எடுக்க என் கணவரின் நண்பர் ஒருவர் முன்வந்திருக்கிறார், கூண்டேற வேண்டியிருக்கும் என்பதையும் அவரிடம் சொல்லிவிட்டோம்.

தம்பியிடம் நேற்றுக் காலை கேட்டேன். ஜட்ஜ் பார்ப்பாரா என்று கேட்டான். ஆமாம் என்றேன். சற்று நேரம் யோசித்துவிட்டு, "அப்போ லேத்தையும் எடுக்கச் சொல்லுக்கா. நான் முன்னாடி என்ன பண்ணேன்னு அவருக்கு எப்படித் தெரியும்?" என்றான். இன்று காலை மறுபடியும் கேட்டபோது நேற்றுப் பேசியது எதுவும் அவனுக்கு நினைவில் இல்லை. முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அதே கேள்வியைக் கேட்டு, அதே பதிலைச் சொன்னான். வரும் ஞாயிற்றுக்கிழமை, பட்டறையில் ஆள் இல்லாத நேரத்தில், அவன் வேலை பார்த்த லேத்தின் முன்னால் தொடங்குகிறோம்.